ஒன்பது பேருக்கு ஒரு பெரட்டு

அந்த விசில் என்னுடையதுதான், மேடம். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே விளையாட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கினேன். பிளாஸ்டிக் என்றாலும் சத்தம் நன்றாகக் கேட்கும். விசாரணை முடிந்ததும் திருப்பித் தந்தால் உதவியாக இருக்கும், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

உங்கள் கேள்விக்கு நேராகவே வருகிறேன். அந்த ஒன்பது பேரையும் மேலே கொண்டுபோய்க் குடிவைத்தது நான்தான். யாரும் தூண்டவில்லை. ஏன் செய்தேன் என்பதை முழுதாகக் கேட்டால் நீங்களும் ஒத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். ஏனென்றால் இதுவரை கேட்டவர்கள் எல்லோரும் கைதட்டியிருக்கிறார்கள்.

என் பெயர் திலக்ஷன், வயது இருபத்து நான்கு. 'பாதுகாப்பான நகரம்' இளைஞர் வட்டத்தின் தலைவர். நாங்கள் மொத்தம் பதினொரு பேர். பஸ் நிலையத்துக் கம்பிகளுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தது நாங்கள்தான். அதில் இரண்டு வாளி மிஞ்சியது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நகரத்தில் எங்களுக்கு இருந்த ஒரே பிரச்சினை அந்த ஒன்பது பேர். பழைய சந்தைப் படிக்கட்டிலும் இஸ்ஸதீன் நானாவின் புடவைக் கடை வாசலிலும் படுத்திருந்தார்கள். எல்லோரும் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். லயத்துக் காம்பரா, அதாவது அந்த வரிசை வீட்டு அறை, தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்யும்வரை பிரச்சினையில்லை. பெரியவர்கள் ஓய்வு பெற்று, பிள்ளைகள் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டால், காம்பரா வேறு குடும்பத்துக்குப் போய்விடும். ஒருவரையும் குற்றம் சொல்ல முடியாது. அப்படிப் போனவர்கள் ஒவ்வொருவராக டவுனுக்கு இறங்கி வந்து, எங்கள் படிக்கட்டில் சேர்ந்துவிட்டார்கள்.

நான் அதை உணர்ச்சிவசப்பட்டு அணுகவில்லை. ஓர் அறிக்கை தயாரித்தேன். மூன்று மாதத்தில் பதினான்கு முறைப்பாடுகள் வந்திருந்தன. அவற்றில் பதினொன்றை நாங்கள் பதினொரு பேரும் எழுதியிருந்தோம் என்பது உண்மைதான். ஆனால் நாங்களும் பொதுமக்கள்தானே. பதிவான ஒரே குற்றம் குடை திருட்டு. அந்தக் குடையும் பிறகு முறைப்பாட்டாளரின் வீட்டிலேயே கிடைத்துவிட்டது. பாதுகாப்பு என்பது நடந்ததைப் பற்றியது அல்ல, மேடம், நடக்கக்கூடியதைப் பற்றியது. இஸ்ஸதீன் நானாவிடம் கையெழுத்துக் கேட்டேன். "எனக்கு ஒருத்தரும் தொந்தரவு தரல்ல மகன். காலைல வாசலக் கூட்டி வெச்சிட்டுத்தான் எழும்பிப் போறாங்க," என்றார். விழிப்புணர்வு குறைவு என்று குறித்துக்கொண்டேன்.

ஒன்பது பேரில் மூத்தவர் மீனம்மா. முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். அவரிடம் பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடிதம் இருந்தது. புதிய வீட்டுத் திட்டத்தில் அவருக்கு வீடு கிடைக்கத் தகுதி இருக்கிறது, தற்போதைய வதிவிடத்தை உறுதிப்படுத்தி அனுப்பவும் என்று அதில் எழுதியிருந்தது. கிராம சேவகர் கையெழுத்துப் போட வீட்டு இலக்கம் கேட்டார். படிக்கட்டுக்கு இலக்கம் இல்லை. வீடு கிடைக்க வேண்டுமானால் முதலில் ஒரு வீடு இருக்க வேண்டும். அந்தக் கடிதத்தைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் காட்டுவார். என்னிடமும் காட்டினார். பாதுகாப்பு பற்றி நான் விளக்கியபோது, "எங்களப் பாத்தா பயமா இருக்கா தம்பி? எனக்கு ஒங்க பட்டாளத்தப் பாத்தாத்தான் பயமா இருக்கு," என்று சொல்லி மற்ற எட்டுப் பேரையும் சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

பலமுறை எழுப்பி அனுப்பினோம். மறுநாள் வந்துவிடுவார்கள். முதியோர் இல்லத்திலும் முகவரி கேட்டார்கள். வழி தானாகத்தான் திறந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை டவுனைச் சுத்தம் செய்யும் சிரமதானத்துக்காக எங்கள் ஆட்களைக் கூட்ட விசில் ஊதினேன். எங்கள் பத்துப் பேரும் போனைப் பார்த்தபடி நின்றார்கள். ஆனால் படிக்கட்டில் படுத்திருந்த ஒன்பது பேரும் எழுந்துவிட்டார்கள். போர்வையை மடித்து, பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், வரிசையில் நின்றார்கள். பொன்னையா என்பவருக்குக் கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, கைகட்டி நின்றார். மீனம்மா என்னைப் பார்த்து, "மீனம்மா, கொழுந்து," என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உணர்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பெரட்டு, மேடம். தோட்டத்தில் காலையில் விசில் ஊதி, எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பெயர் வாசித்து வேலை பிரிப்பார்கள். அந்த நேரம் வரிசையில் இல்லாதவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை. வேலை செய்த நாளையே அங்கே 'பேர்' என்றுதான் சொல்வார்கள். முப்பது, நாற்பது வருஷம் அந்தச் சத்தத்துக்கு எழுந்தவர்கள், அது எங்கே கேட்டாலும் எழுவார்கள். பொலிஸ் தடியால் முடியாததை ஒரு பிளாஸ்டிக் துண்டு செய்துவிட்டது. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு உற்சாகம்.

றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் பிரிவில் காலியான லயம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். பத்துக் காம்பரா. நான்கு வருஷமாக ஆள் இல்லை. ஒரு பக்கம் ஒன்பது பேருக்கு வீடு இல்லை, மறுபக்கம் பத்து வீட்டுக்கு ஆள் இல்லை. இவ்வளவு சுலபமான கணக்கை இத்தனை அலுவலகங்களும் ஏன் போட்டுப் பார்க்கவில்லை என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. இஸ்ஸதீன் நானாவிடம் சொன்னபோது, "அங்க ஆள் இல்லாம ஈக்கிறதுக்கு ஒரு காரணம் ஈக்கும்தானே மகன்," என்றார். பெரியவர்கள் எதற்கும் காரணம் தேடுவார்கள். நாங்கள் தீர்வு தேடுகிறவர்கள்.

மிஞ்சிய மஞ்சள் பெயின்டை அங்கேதான் பயன்படுத்தினோம். சுவர்களுக்கு இரண்டு பூச்சு. கதவுகளில் ஒவ்வொருவருடைய பெயரையும் எழுதினேன். திங்கட்கிழமை காலை சந்தைப் படிக்கட்டில் விசில் ஊதி, பட்டியலை வாசித்தேன். பெயர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவராக லொறியில் ஏறினார்கள். ஒருவரையும் தொடவில்லை. மேலே போனதும் மீனம்மா தன் கதவின் முன்னால் நின்றார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "இது எம் பேருதானா?" என்று கேட்டு, காயாத எழுத்தின் மேலே விரலை ஓட்டிப் பார்த்தார். நான் எடுத்துப் போட்ட அந்தப் படத்துக்கு மட்டும் இரண்டாயிரத்து முந்நூறு லைக் வந்தது.

கீழ்ப் பிரிவில் பிரேமினி என்று ஓர் அக்கா, கொழுந்து பறிப்பவர். ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு மேலே வருவார். நான்காம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இந்த மஞ்சளுக்குக் கீழ என்னா இருந்துச்சின்னு அவங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார்.

சிவப்புக் குறி இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை, மேடம். அதாவது, சுவரில் மறைத்தேன், உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. மண்சரிவு அபாயம், குடியிருக்கக் கூடாது என்று நான்கு வருஷத்துக்கு முன்னால் போட்ட குறி. அதனால்தான் அங்கிருந்த குடும்பங்களை வேறிடத்துக்கு மாற்றினார்கள். ஆனால் நான்கு வருஷமாக விழாத மலை ஐந்தாம் வருஷமும் விழாமல் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. படிக்கட்டிலும் ஆபத்து இருந்தது. குளிர், வாகனம், எல்லாமே ஆபத்துதான். பிரேமினி அக்காவிடம் இப்படித்தான் விளக்கினேன். "மஞ்சப் பூசுனா மலை நிக்குமா?" என்று கேட்டுவிட்டு ரொட்டியைக் கொடுக்கப் போய்விட்டார்.

ஐந்தாம் நாள் பொன்னையாவும் இன்னொருவரும் டவுனுக்கு நடந்து வந்துவிட்டார்கள். மேலே கடை இல்லை, பேச ஆள் இல்லை என்றார்கள். இஸ்ஸதீன் நானா அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்துக்கொண்டிருந்தார். விசில் ஊதித் திரும்பவும் மேலே கொண்டுபோய் விட்டேன். அந்த நேரம் எங்கள் பெரிய கூட்டத்துக்குத் திகதி குறித்தாயிற்று. கொழும்பிலிருந்து விருந்தினர்கள், 'வீடற்றோர் இல்லாத முதல் மலைநகரம்' என்ற பதாகை, நான் பேசுவதாக ஏற்பாடு. ஆகவே ஒரு விதி தேவைப்பட்டது. தினமும் காலை ஏழு மணிக்கு நான் மோட்டார் சைக்கிளில் வந்து விசில் ஊதுவேன். அதுவரை காம்பராக்களுக்கு முன்னால் ஓடும் தாழ்வாரத்தில், அதை இஸ்தோப்பு என்போம், வரிசையில் நிற்க வேண்டும். விசில் கேட்காமல் யாராவது இறங்கினால் பேர் வெட்டப்படும். ஒருவர் இறங்கினாலும் ஒன்பது பேருடைய பேரும் போகும். முப்பது நாள் ஒரு பெரட்டும் தவறாமல் நின்றால் மீனம்மாவின் கடிதத்துக்கு வதிவிட உறுதி கிடைக்கும்.

அப்படி ஒரு விதி எந்த அலுவலகத்திலும் இல்லை. ஆனால் இருந்திருக்கலாம், நல்ல விதிதான். அதற்குப் பிறகு ஒருவர்கூட இறங்கவில்லை. மீனம்மாவே மற்றவர்களைக் கண்காணித்தார். "தொர வாறதுக்குள்ள எங்கடா போற பொன்னையா? எனக்கு இன்னும் இருபது பேரு இருக்கு, கெடுத்துராத," என்று அவர் அதட்டியது எனக்குப் பாதை வளைவிலேயே கேட்டது. தோட்டத்து அதிகாரியை அழைப்பதுபோல என்னைத் தொரை என்று கேலியாகத்தான் ஆரம்பித்தார். பிறகு அது கேலியா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

பதினேழாம் நாள்தான் கூட்டம். இரண்டு நாளாக மழை விடவில்லை. எச்சரிக்கை என் போனுக்கும் வந்தது. சரிவான இடங்களில் இருப்பவர்கள் உடனே வெளியேறவும் என்றிருந்தது. அலட்சியம் செய்தேன் என்று எழுதியிருக்கிறார்களாம், அது தவறு. வந்த நிமிடமே ஏழு வட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பினேன். மேலே இருந்த ஒன்பது பேரிடம் போன் இல்லை, அது வேறு விஷயம். பாதை சறுக்கும் என்பதால் அன்று காலை பெரட்டுக்கு நான் போகவில்லை. மண்டபத்தில் கதிரை போடவும் வேண்டியிருந்தது.

பத்து மணிக்குப் பிரேமினி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, பின்பக்கச் செவுரு வாயப் பொளந்து கெடக்கு. மேலருந்து சேத்துத் தண்ணியா வருது. வாங்கன்னா ஒருத்தரும் வரமாட்டேங்கிறாங்க. விசில் அடிக்காம எறங்குனா பேரு வெட்டிருவாங்கன்னு மீனம்மாக்கா வரிசையப் புடிச்சு வச்சிக்கிட்டிருக்காங்க."

இந்த மழையில் வர முடியாது என்றேன்.

"நீங்க வர வேணாம். போன்லயே ஊதுங்க, நான் ஸ்பீக்கர்ல போடுறேன். ஒரு ஊது போதும் தம்பி."

விசில் என் சட்டைப் பையில் இருந்தது. மேடையில் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தேன்.

இந்த இடத்தை நீங்கள் மூன்று தடவை கேட்டீர்கள், அதனால் தெளிவாகவே சொல்கிறேன். நான் பதறவில்லை, மறக்கவுமில்லை. யோசித்தேன். ஊதினால் இறங்குவார்கள். இறங்கினால் எங்கே போவார்கள்? அவர்களுக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு. நண்பகல் பன்னிரண்டுக்கு விருந்தினர்கள் சந்தைப் படிக்கட்டில், பதாகையின் கீழே படம் எடுக்க இருந்தார்கள். அங்கே நனைந்த ஒன்பது பேர், கையில் பொட்டலத்தோடு. "பதினஞ்சு நிமிஷத்துல கூப்புடுறேன் அக்கா," என்று சொல்லிப் போனை நிறுத்திவிட்டேன். ஊத முடியாமல் அல்ல. ஊதினால் வருவார்கள் என்று தெரிந்ததால் ஊதவில்லை.

என் பேச்சு நாற்பது நிமிடம். நடுவில் பெரட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட விசிலை எடுத்து ஊதினேன். மண்டபம் முழுக்கச் சிரித்துக்கொண்டே எழுந்து நின்றது. அப்போது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பது. மலை இறங்கியதும் பத்து ஐம்பது என்று பிரேமினி அக்கா சொல்லியிருக்கிறாராம். அந்தக் கடிகாரம் கொஞ்சம் பிந்தித்தான் ஓடும்.

பிரேமினி அக்கா பொன்னையாவையும் இன்னொருவரையும் கையைப் பிடித்து இழுத்து இறக்கிவிட்டார். அதில் அவருடைய கை முறிந்திருக்கிறது, வருந்துகிறேன். மற்ற ஏழு பேரையும் இஸ்தோப்பு இருந்த இடத்தில் தோண்டி எடுத்தார்கள். வரிசை கலையவில்லை என்று இராணுவத்துப் பையன் ஒருவன் ஆச்சரியமாகச் சொன்னான். முதலில் மீனம்மா, பொலித்தீன் பை இடுப்பில். கடிதம் நனையவில்லை.

இப்போது பாருங்கள், மேடம். பொன்னையாவும் மற்றவரும் அனர்த்தத்தில் பாதிக்கப்பட்டவர்கள் என்ற பட்டியலில் வந்துவிட்டார்கள். வீட்டுத் திட்டத்தில் அவர்களுக்கு முதலிடம், வதிவிட உறுதிகூடத் தேவையில்லை. இத்தனை வருஷம் ஒருவராலும் முடியாதது பதினேழு நாளில் முடிந்தது. அந்த ஒன்பது பேரில் ஒருவர்கூட இன்று படிக்கட்டில் இல்லை. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இதைச் சேர்த்திருக்கிறேன்.

வலப்பனையிலும் ஓர் இளைஞர் வட்டம் இருக்கிறது. அங்கே பஸ் நிலையத்தில் ஆறு பேர் படுத்திருக்கிறார்களாம். திட்டத்தை அனுப்பச் சொல்லி நேற்றும் கேட்டார்கள். அனுப்புவதற்கு முன்னால் ஒரேயொரு திருத்தம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். விசில் மழையில் தூரம் கேட்காது, மணி என்றால் கேட்கும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மேடம்?