வேருக்குப் போன காற்று

கீரை வளர்க்க மண் தேவையில்லை என்றால் இன்னும் பலர் நம்புவதில்லை. உங்கள் முகத்திலும் அந்தச் சந்தேகம் தெரிகிறது, ஐயா. செடி மண்ணைத் தின்பதில்லை. அதற்கு வேண்டியது தண்ணீர், சத்து, வெளிச்சம், காற்று. இவற்றை வேளாவேளைக்குக் கொடுத்தால் ஒரு பின்னறை போதும்.

அந்தப் பின்னறையை எனக்குக் கொடுத்தது அண்ணன். நான் பிழை திருத்திக்கொண்டிருந்த பத்திரிகை மூடப்பட்டபோது, "எங்க போவ? இங்க வந்து இருடா" என்றார். அவருக்கும் ஆள் தேவைப்பட்டது. கார்களுக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தே நுரையீரலைத் தொலைத்தவர். மூக்கின் கீழே ஒரு குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் திறந்துகொள்ள ஒரு சிலிண்டர். அண்ணி மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போய்விடுவார். பகலில் அண்ணனையும் சிலிண்டரையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

தோட்டத்துக்கான சாமான்களை ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி. வட்டவட்டமாக ஓட்டை வெட்டிய தெர்மோகோல் பலகை. அதில் உட்காரும் வலைக் கிண்ணங்கள், வேர் பற்றிக்கொள்ளச் சுட்ட களிமண் உருண்டைகள். ஊதா நிற விளக்கு. தண்ணீரின் புளிப்பைக் காட்டும், பேனா மாதிரியான மீட்டர். கடைசியாக, மீன் தொட்டிக் கடையில் வாங்கிய காற்று மோட்டாரும் அதன் குழாய் நுனியில் மாட்டும் குமிழிக் கல்லும். எல்லாவற்றிலும் முக்கியம் அந்தக் கல்தான். தண்ணீரிலேயே கிடந்தாலும் வேர் மூச்சு விட வேண்டும். காற்று கலக்காத தண்ணீரில் அது மூழ்கிச் செத்துவிடும். இது தெரியாமல்தான் பலர் தோற்கிறார்கள்.

அண்ணி முதலில் சிரித்தார். "மண்ணே இல்லாம வளருதாமே. இந்த வீட்டு ஆம்பளைங்களும் அப்படித்தான், கால் தரையில படாம வளந்தவங்க."

அண்ணனும் சிரித்தார். சிரித்தால் இருமல் வரும் என்று தெரிந்தும் சிரிப்பார். "என்னடா விவசாயி, அறுவடை எப்போ? நான் இருக்கறப்பவே கண்ல காட்டிடு."

காட்டினேன். முதல் கீரையை அவர்தான் சாப்பிட்டார். தண்ணியா இருக்கு என்றார், ஆனாலும் தட்டைக் காலி செய்தார். நான் வைத்து ஒன்று வளர்ந்தது எனக்கு அதுவே முதல் தடவை.

பிறகு வெயில் ஏறியது. தொட்டித் தண்ணீர் சூடானது. சூடான தண்ணீரில் காற்று தங்காது. வேர்கள் பழுப்பாகி வழுவழுத்தன, மூடியைத் திறந்தால் நாற்றம். பெரிய மோட்டார் வாங்கிப் பார்த்தேன், பலனில்லை. அப்போதுதான் சிலிண்டர் கண்ணில் பட்டது. அண்ணன் மெஷினோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். சிலிண்டர் சும்மா நின்றது. குமிழிக் கல்லின் பச்சைக் குழாய் அதன் வாயில் கச்சிதமாகப் பொருந்தியது. கொஞ்ச நேரம்தான் திறந்தேன். சில நாளில் வெள்ளை வெளேரென்று புது வேர் விட்டது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அதன்பிறகு மத்தியானத் தூக்கத்தில் அது ஒரு வழக்கமானது. "சிலிண்டர் ஃபுல்லா இருக்கா தம்பி?" என்று அண்ணி கேட்பார். "இருக்கு அண்ணி" என்பேன். முதல் தடவை அது கிட்டத்தட்ட உண்மை. அளவு காட்டும் முள்ளைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன், நடக்கும்போது இடிக்காமல் இருக்கட்டும் என்று. காலியானதும் கடைக்குப் போன் செய்து மாற்றியிருக்கலாம். இவ்வளவு சீக்கிரம் எப்படித் தீர்ந்தது என்று கேட்பார்கள். கேட்டால் அண்ணிக்குத் தெரியும். தெரிந்தால் என் அறை போகும். எங்கள் பகுதியில் கரண்ட் போவதும் அபூர்வம்.

அன்று அண்ணி வேலைக்குப் போன பிறகு, நடுப்பகலில் போனது. அண்ணனுடைய மெஷினும் என் மோட்டாரும் ஒரே நொடியில் நின்றன. வீடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை.

"டேய், சிலிண்டரைத் திற" என்றார்.

திறந்தேன். மாஸ்க்கை அவர் முகத்தில் வைத்து, பின்னால் பட்டையைச் சரிசெய்தேன்.

"வருதாடா?"

"வருதுண்ணா. மெதுவா இழுங்க."

அவர் தலையாட்டினார். என்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதன்பிறகு அவர் பதறவில்லை என்பதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். என் சட்டைப்பையில் போன் இருந்தது. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில். ஆனால் வருகிறவர்கள் முதலில் அந்த முள்ளைத்தான் பார்ப்பார்கள்.

பின்னறைக்குப் போனேன். மோட்டார் இல்லாதபோது கையால் காற்று கலக்க ஒரு வழி இருக்கிறது. ஜக்கில் தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, தொட்டியிலேயே திரும்ப ஊற்ற வேண்டும். விழும் தண்ணீர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டு போகும். நிறுத்தக் கூடாது. தோள் வலித்தது, நிறுத்தவில்லை. முன்னறையில் கட்டில் கம்பியில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் வேகமாக, பிறகு விட்டுவிட்டு. அந்தச் சத்தத்தின் கணக்குக்கே நான் ஊற்றிக்கொண்டிருந்தேன் என்பது, அது நின்ற பிறகுதான் புரிந்தது. என் கையும் ஒரு நிமிடம் அந்தரத்தில் நின்றது. பிறகு தொடர்ந்து ஊற்றினேன்.

கரண்ட் வந்ததும் கல் குமிழி விட ஆரம்பித்தது. முன்னறையில் மெஷினும் தானாகவே ஓடத் தொடங்கியது. போய்ப் பார்த்தேன். மாஸ்க் முகத்தில் இருந்தது. கழற்றிப் போட்ட மூக்குக் குழாய் தலையணையில் கிடந்து, உஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தது. அதை அணைக்க எனக்குக் கை வரவில்லை. அண்ணி வரும்வரை ஊதியது.

நோய் முற்றிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். காரியமெல்லாம் முடிந்து, சிலிண்டரைத் திரும்ப எடுத்துப்போக வந்த கடைக்காரர்தான், "இந்தப் பச்சைக் குழாய் நம்முது இல்லையேம்மா" என்று, மாஸ்க் குழாயைக் கழற்றி, உள்ளே அதன் வாயில் நான் மறந்துவிட்ட துண்டை உருவிக் காட்டினார். அண்ணி அதை வாங்கிப் பார்த்தார். பின்னறைக்கு வந்து, தொட்டிக்குள் கையை விட்டு, ஒரு கொத்து வேரைத் தூக்கிப் பார்த்தார்.

"தம்பி, இதுல போனது அவரோட மூச்சுதானே?"

"ஆமா அண்ணி."

அவர் அழவில்லை, அடிக்கவில்லை. வேரை மெதுவாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார்.

இங்கே என்னை நன்றாகத்தான் வைத்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஆள் டம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் நான் வெளியே பார்த்துக்கொள்கிறேன். ஊற்றுகிற சத்தத்துக்கு நடுவில் கம்பியில் தட்டுவது கேட்கிறது. ஊற்றி முடித்தால் அதுவும் நின்றுவிடுகிறது. நிற்பதுதான் தாங்கவில்லை.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். காலி என்று தெரிந்துதான் மாஸ்க்கை மாட்டினேன். வருது என்று சொன்னதும் நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

எனக்கு ஒரே ஒரு உதவி செய்யுங்கள். அண்ணி வீட்டைப் பூட்டிக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார் என்றீர்கள். சிக்கனமானவர், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போயிருப்பார். உடனே யாரையாவது அனுப்பி மோட்டாரைப் போடச் சொல்லுங்கள். இந்த வெயிலில் அதிக நேரம் தாங்காது. இது உயிர் போகிற விஷயம், ஐயா.