திரும்பிப் போகவும் ஒரு வாசல்

இந்த மேடைக்கு மட்டுமல்ல, எங்கள் சண்டைகளுக்கும் சேர்த்தே தலைமை தாங்கி வரும் கண்காட்சித் தலைவர் அம்மா அவர்களே! பல்லைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடும் திறமையால், தன் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கவே எங்களை அஞ்ச வைத்திருக்கும் கால்நடை மருத்துவர் அவர்களே! பரிசு கொடுக்கும்வரை உறவினர்களாகவும், கொடுத்த பிறகு பகைவர்களாகவும் பார்க்கப்படும் நடுவர் பெருமக்களே! முன்வரிசையில் அமர்ந்து முழுப் பேச்சையும் கேட்கப்போகும் பெரியோர்களே! பின்வரிசையில் நின்று பாதிப் பேச்சிலேயே பந்தயம் பார்க்கப் போகிற இளையோர்களே! விடியுமுன் எழுந்து, வீட்டையும் தொழுவத்தையும் கூட்டி, ஒரு கையில் பிள்ளையும் மறுகையில் கன்றுமாக வந்திருக்கும் என் தாய்மார்களே! இவன் எப்போது முடிப்பான் என்று காதை ஆட்டியபடி காத்திருக்கும் வாயில்லா உறவுகளே! உங்கள் எல்லாருக்கும் இந்த ஒலிபெருக்கிக்காரனின் உரத்த வணக்கம், உளமார்ந்த வணக்கம்!

ஆண்டுதோறும் இந்தத் திடலுக்கு மைக் கட்டுகிறவன் நான். அமைச்சர் வந்தாலும் அவர் குரலைப் பெரிதாக்குவேன்; ஆடு தொலைந்தாலும் அதன் அடையாளத்தைப் பெரிதாக்குவேன். என் குரலை இன்றுதான் எனக்காகப் பெரிதாக்குகிறேன். "விதிமுறைகளை மட்டும் வாசிச்சுட்டு சீக்கிரம் எறங்கிடுங்க" என்று தலைவர் அம்மா சொல்லித்தான் அனுப்பினார். அம்மா, மைக் என்னுடையது, ஒயர் என்னுடையது, ஸ்விட்சும் என் காலடியில்தான் இருக்கிறது! கை தட்டாதீர்கள் ஐயா, அம்மா முறைக்கிறார்.

விதி என்றால் என்ன? வேலியா? விலங்கா? வேலையற்றவர்கள் எழுதி வைத்த வெற்று வார்த்தையா? இல்லை தோழர்களே, இல்லை! நம் கண்காட்சியின் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு மனிதர் ஒளிந்துகொண்டிருக்கிறார். 'ஆட்டுக்கு முகப்பவுடர் பூசக் கூடாது' என்று ஒரு விதி. ஏன் வந்தது? ஒருவர் பூசினார். நடுவர் ஆட்டைத் தடவிப் பார்த்தார், தும்மினார். ஆடும் தும்மியது. இருவரும் மாறி மாறித் தும்மியதில் திடலே வெண்புகை மண்டலம் ஆனது! 'பூசணிக்காயின் உள்ளே எதையும் திணிக்கக் கூடாது' என்று ஒரு விதி. ஏன் வந்தது? ஒருவர் அடியில் துளை போட்டு மணலை நிரப்பிக் கொண்டுவந்தார். தராசில் ஏற்றினோம். முதலில் ஏறிய முள், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மணல் தரையில் ஒழுக ஒழுக, தானாக இறங்கத் தொடங்கியது! 'கன்றின் நெற்றிச் சுட்டி மழையில் கரையக் கூடாது' என்று ஒரு விதி...

என்ன அங்கே? யார் அந்த ஆள் என்றா கேட்கிறாய்? சொல்ல மாட்டேன் தம்பி. மூன்றுமே ஒரே ஆள். அவர் என் மைத்துனர். எனக்கு வீட்டில் சோறு கிடைக்க வேண்டுமா, வேண்டாமா?

சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தவர்கள் நான்காம் விதிக்குச் செவி கொடுங்கள். 'நோய் அறிகுறி தென்படும் கால்நடையை வாசலுக்குள் கொண்டுவரக் கூடாது.' ஒரே வரி. வாசிக்க ஒரு மூச்சு போதும். வாழ்ந்து காட்ட எவ்வளவு மூச்சு வேண்டும்? அதைச் சென்ற ஆண்டு, இதோ இந்த வாசலில், இந்தக் கண்களால் கண்டவன் நான்.

நம் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் மாவு மில் இருக்கிறதே, அதற்கு நேர் எதிர்வீடு தையல்காரம்மா வீடு. முன்னறையில் தையல் இயந்திரம், பின்கட்டில் செவலைப் பசு. மிதிகட்டையில் கால் ஆடும்போதே காது பின்கட்டில் இருக்கும். அளவெடுக்க வந்தவர்களிடம், "கொஞ்சம் கைய தூக்கியே வச்சிருங்க, மாடு கூப்பிடுது" என்று போய், தண்ணீர் காட்டிவிட்டுத்தான் திரும்புவார். என் மனைவி அந்த வீட்டில் அப்படி நின்றே கை மரத்துப்போனவள்!

எதிர்வீட்டு மில்காரரை உங்களுக்குத் தெரியும். அவருடைய கறுப்பிப் பசுவையும் தெரியும். வருடம் தவறாமல் அதுவே வென்று வென்று, அவருக்கே 'முதல்பரிசு' என்று ஊரில் பெயர் விழுந்துவிட்டது. வருடம் தவறாமல் இரண்டாவது வந்தது எது? செவலை! "என்ன முதல்பரிசு, மாவு அரைச்சாச்சா?" என்று அவரைக் கேட்கிற ஊர், "என்ன ரெண்டாம்பரிசு, ஜாக்கெட் தச்சாச்சா?" என்று தையல்காரம்மாவைக் கேட்டது. கேட்டவர்களுக்கு அது விளையாட்டு. கேட்டுக்கொண்டவருக்கு?

சென்ற ஆண்டு செவலை எப்படி இருந்தது தெரியுமா? மினுமினுத்த மேனி, மேடு பள்ளமில்லாத முதுகு, மடி நிறைந்த பால். முந்தைய நாள்தான் மருத்துவர் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார். "இந்த வாட்டி நமக்குத்தான்" என்று நடுவர்கள் சொல்வதற்கு முன்பே தெரு சொல்லிவிட்டது. நல்ல நிழலிடம் கிடைக்க வேண்டும் என்று வெள்ளனவே புறப்பட்டு, கொழுந்தனின் சரக்கு வேனில் செவலையை ஏற்றி, வரிசையில் முதல் வண்டியாக வாசலில் வந்து நின்றார் தையல்காரம்மா. பின்னால் கடைத்தெரு வரைக்கும் வண்டிகள். அடுத்த வண்டியே கறுப்பி!

நான் வாசலில் கைமைக்குடன் நிற்கிறேன். கதவு திறக்கப் போகிறது. அந்த நேரத்தில் அவர் வேனின் பின்பக்கம் ஏறி, செவலைக்கு ஒரு கை புண்ணாக்கு நீட்டினார். மாடு முகர்ந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாயோரம் நூலாக எச்சில் வடிந்தது. வாயை விலக்கிப் பார்த்தார். நாக்கின் மேல் கொப்புளம்.

பக்கத்தில் நின்ற கொழுந்தனும் பார்த்துவிட்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"அண்ணி, வாயத் தொடச்சு விட்ருங்க. யாருக்கும் தெரியாது. டாக்டரே பார்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டாரு. பரிசு குடுக்கற வரைக்கும் தாங்கினா போதும்."

அவர் கையில் துணி இருந்தது. செவலையின் வாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தது. நான் பார்த்தேன். எத்தனை நொடி அந்தக் கை அப்படியே நின்றது என்று எனக்குத் தெரியாது. பிறகு துணியைக் கீழே போட்டார்.

"இது தாங்கும் தம்பி. உள்ள நிக்கப்போற மத்த மாடெல்லாம் தாங்குமா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அண்ணே, கதவத் தொறக்காதீங்க. கிட்டயும் வராதீங்க. யாரும் மாட்ட வண்டிய விட்டு எறக்க வேணாம்னு மைக்ல சொல்லுங்க. டாக்டர வரச் சொல்லுங்க."

"யாரு சொன்னதா சொல்லட்டும்மா?"

"என்னயே சொல்லுங்க. யாரோ சொன்னாங்கன்னா ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

இந்த மைக்கில் எத்தனையோ அறிவிப்பு செய்திருக்கிறேன். அன்று செய்த அறிவிப்புக்குத்தான் என் நாக்கு தடுமாறியது. சொன்னேன். சொன்னதும் என்ன நடந்தது? பாராட்டினார்களா? பூரித்தார்களா? ஹாரன் அடித்தார்கள் ஐயா, ஹாரன்! பின்வண்டியிலிருந்து தலையை நீட்டி நம் மில்காரர் முழங்கினார்:

"தோத்துடுவோம்னு பயமா இருந்தா வீட்லயே இருந்திருக்க வேண்டியதுதானே! வழிய விடும்மா!"

"மில்காரரே, உங்க கறுப்பிய மட்டும் எறக்கிடாதீங்க. என் மாட்டுக்கு வாயில புண்ணு."

மருத்துவர் ஓடி வந்தார். பார்த்தார். வாயிலும் குளம்பிலும் புண் வைக்கிற கோமாரி என்றார். ஊசி போட்ட மாட்டுக்கும் சில நேரம் வரும், கூடி நின்றால் காட்டுத்தீயாகப் பரவும், ஆடு மாடு ஒன்றுகூட உள்ளே வரக் கூடாது என்றார். அவ்வளவுதான். ஆண்டு முழுதும் தீனி போட்டுக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தவர்கள் எல்லாரும், வந்த வழியே திரும்ப வேண்டும். கோபம் யார்மீது பாய்ந்தது? நோயின் மீதா? நோய்க்குக் காது ஏது! வேனில் நின்ற அம்மாவின் மீது பாய்ந்தது. பாதைக்கு ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மில்காரரின் களத்து வேலி. வண்டியைத் திருப்ப இடமில்லை. பின்வண்டிகள் ஒவ்வொன்றாக ஒதுங்க ஒதுங்க, அந்த வேன் அங்குலம் அங்குலமாகப் பின்னால் போனது. இருபுறமும் வசவு. அவர் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் முகத்தையும் பார்த்தபடியே போனார்.

அன்று கண்காட்சி நடந்ததா? நடந்தது! கோழியும் பூசணியும் வைத்து நடந்தது. மாட்டின் கழுத்துக்கென்று தைத்து வைத்திருந்த பரிசுப் பட்டையை, வென்ற கோழிக்குப் போட்டோம். பட்டை தெரிந்தது, கோழியைக் காணோம்!

வீட்டுக்குப் போன தையல்காரம்மா வாசலில் கயிறு கட்டினார். துணி தைக்க யாரும் வர வேண்டாம் என்று எழுதித் தொங்கவிட்டார். செருப்பிலும் சக்கரத்திலும் ஒட்டிக்கொண்டு போகிற நோய் அல்லவா! முன்னறையில் இயந்திரம் ஓயாமல் ஓட வேண்டிய நேரத்தில், மனிதர் வாடையே இல்லாமல் அந்த வீடு கிடந்தது. பேருந்து ஓட்டுநரான அவர் கணவர், மாடு சுகமாகும்வரை பணிமனையிலேயே தங்கிக்கொண்டு, கயிற்றுக்கு வெளியே நின்று மனைவியோடு குடும்பம் நடத்தினார். தினமும் செவலையின் வாயைக் கழுவி, தேன் தடவி, மடியில் தலையைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா.

மருத்துவர் ஊரிலுள்ள ஒவ்வொரு தொழுவத்துக்கும் போய்ப் பார்த்தார். ஒரு மாட்டுக்கும் வரவில்லை. ஒரு கன்றுக்கும் வரவில்லை. மில்காரரின் தொழுவத்தில் சினை மாடுகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னிக்கு உங்க கறுப்பி அது பக்கத்துல போய் நின்னிருந்தா, இன்னிக்கு இந்தத் தொழுவமே நுரை தள்ளிக்கிட்டு நிக்கும்."

மில்காரர் நேராக மில்லுக்குள் போனார். ஒரு மூட்டையைத் தானே தோளில் சுமந்து தெருவைக் கடந்து, கயிற்றின் முன்னால் நின்றார்.

"தவிடு. நல்லா சலிச்சது. கஞ்சி வச்சுக் குடு, வாய்ப்புண்ணுக்கு எதமா இருக்கும்."

"கயிறத் தாண்டாதீங்க!"

"தாண்டலம்மா! இங்கயே வச்சுட்டுப் போறேன். மாடு எப்படி இருக்கு?"

"எந்திரிக்குது. அங்க வாளியில சலவைச் சோடா கரைச்ச தண்ணி இருக்கு. செருப்பக் கழுவிட்டுப் போங்க."

யாருக்கும் வளையாத நம் முதல்பரிசு, நடுத்தெருவில் குந்தி உட்கார்ந்து, தன் செருப்பைத் தானே கழுவிய காட்சியைத் தெருவே சன்னல் வழியாகப் பார்த்தது! அதன் பிறகு மாடு தேறும்வரை தினமும் தவிடு வந்தது. தினமும் செருப்பு கழுவப்பட்டது. அவர் செருப்பு அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. கோபிக்காதீர்கள் மில்காரரே, எல்லாரும் சிரிக்கும்போது நீங்களும் சிரித்துவிடுங்கள்.

செவலை தேறியது. கண்காட்சிக் குழு கூடியது. தையல்காரம்மாவை அழைத்து, உங்களுக்குப் பாராட்டு விழா நடத்துகிறோம் என்றார் தலைவர். அவர் சொன்ன பதிலை, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன்.

"பாராட்டெல்லாம் வேணாம்மா. அன்னிக்கு வண்டியத் திருப்ப எடம் இல்ல. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க. நாளைக்கு இன்னொருத்தர் மாட்டுக்கு வரும். அத்தன பேர் திட்டத் திட்ட பின்னாலயே போகணும்னு நெனச்சா, வாயத் தொடச்சு விட்டுட்டு உள்ள போயிடலாம்னுதான் தோணும். எனக்கே தோணுச்சு."

எனக்கே தோணுச்சு! கேட்டீர்களா தாய்மார்களே? கேட்டீர்களா பெரியோர்களே? நேர்மை என்பது தோன்றாமலே இருப்பது அல்ல. தோன்றிய பிறகும் துணியைக் கீழே போடுவது! அப்படிப் போட்டவர்களை நாம் எப்படி நடத்தினோம்? சட்டம் போட்டோம், சரி. வாசல் வைத்தோம், சரி. உள்ளே வர ஒரு வாசல் வைத்த நாம், உண்மையைச் சொல்லித் திரும்புகிறவருக்கு என்ன வைத்தோம்? ஹாரன் வைத்தோம்! வசவு வைத்தோம்! மதிலும் வேலியும் வைத்தோம்! விதியை எழுதுவது விரலுக்கு வேலை. விதிப்படி நடக்கிறவர் தலை குனியாமல் நடக்க ஒரு பாதை போடுவதுதான் ஊருக்கு வேலை!

அந்தக் குழுக் கூட்டத்திலேயே மில்காரர் எழுந்தார். "என் களத்து வேலியப் பிரிச்சுக்கங்க" என்றார். உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்நாளில் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். மிகப் பெரிய பேச்சும் அதுதான்!

வாசலுக்கு இடப்புறம் புதிதாக ஒரு பாதை போகிறதே, பார்த்தீர்களா? நிழலுக்குக் கூரை, தண்ணீர்த் தொட்டி, சோடாத் தண்ணீர், மருத்துவர் உட்கார நாற்காலி. அதுதான் திரும்பிப் போகிறவர் வாசல். நான்காம் விதியோடு இந்த ஆண்டு ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'திரும்புகிறவரை யாரும் இகழக் கூடாது, திடல் அவருக்கு எழுந்து நின்று நன்றி சொல்லும்.'

இன்று காலை என்ன நடந்தது தெரியுமா? வெளியூர்க்காரர் ஒருவர், ஒரு செம்மறிக் கிடாயை ஏற்றி வந்தார். அது கால் நொண்டியது. அவர் யாரும் சொல்லாமலே வண்டியை இடப்பக்கம் திருப்பினார். ஒரு ஹாரன் ஒலிக்கவில்லை. சோடாத் தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றியவர் மில்காரர். கிடாயின் தலையைப் பிடித்துக்கொண்டவர் தையல்காரம்மா. மருத்துவர் வாயைப் பார்த்தார், சுத்தம். குளம்பைப் பார்த்தார். முள்! வெறும் கருவேல முள்! பிடுங்கி எறிந்தார். கிடாய் துள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. வெளியூர்க்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க ஊர்லயும் இந்த மாதிரி ஒரு பாதை போடச் சொல்றேங்க" என்றார்.

செவலையும் கறுப்பியும் அடுத்தடுத்த கட்டுத்தறியில் நிற்கின்றன. எது முதல்? எது இரண்டாவது? அது நடுவர்கள் பாடு! நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டில், உங்கள் கடையில், உங்கள் அலுவலகத்தில், "தப்பு நடந்துபோச்சு, நான் திரும்பிக்கறேன்" என்று ஒருவர் வந்து நின்றால், அவருக்கு வழி விடுங்கள்! வேலி குறுக்கே நின்றால் வேலியைப் பிரியுங்கள்!

பொறுமையாகக் கேட்ட பெரியவர்களுக்கு நன்றி. பொறுமையில்லாமலும் கேட்ட தலைவர் அம்மாவுக்கு இரட்டை நன்றி. கொண்டுவந்தவை எல்லாம் நலமாக வீடு திரும்பட்டும், கொண்டுவந்தவர்கள் எல்லாரும் தலை நிமிர்ந்து திரும்பட்டும் என்று வாழ்த்தி, மைக்கை நடுவர்களிடம் ஒப்படைக்கிறேன். வணக்கம்!