தரையில விரிக்காதீங்க

— கதவைத் தாழ் போட்டீங்களா?

— போட்டாச்சு, டயப்பர் மாத்தியும் முடிச்சாச்சு. போனை ஸ்பீக்கர்ல வச்சிருக்கேன், பேசு. உன் பொண்ணு மகாராணி மாதிரி படுத்திருக்கா.

— நெசமாவா? யாரையும் உதவிக்குக் கூப்பிடலியா?

— என்னை என்னன்னு நெனச்ச? பதினேழு வயசு, எடையில என்னையே தூக்கிச் சாப்பிடறவதான். ஆனா பட்டனை அமுக்குனா பெஞ்ச் வீல்சேர் உயரத்துக்கு இறங்குது. அப்படியே நகர்த்திப் படுக்க வச்சேன். மறுபடி அமுக்குனேன், என் இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு.

— காலு வெளிய தொங்குதா?

— நீட்டிப் படுத்தும் இடம் மிச்சம். கைக்குழந்தைக்குத் தனியா ஒரு பலகை, அது வேற.

— லேடீஸ் டாய்லெட் பக்கம் யாரும் உங்களைத் தடுக்கலியே?

— இது லேடீஸும் இல்ல, ஜென்ட்ஸும் இல்ல. தனி ரூம். அப்பனும் பொண்ணும் ஜம்முனு உள்ள வந்தோம்.

— அப்புறம் ஏன் இவ்வளவு நேரம்?

— அதை மட்டும் கேக்காத.

— சொல்லுங்களேன்.

— பழக்கதோஷம். உள்ள வந்ததும் பையிலேந்து பிளாஸ்டிக் ஷீட்டை எடுத்துத் தரையில விரிச்சு, மண்டி போட்டுட்டேன். இவ பெஞ்சைப் பாக்கறா, என்னைப் பாக்கறா, ஒரே சிரிப்பு. அப்பறந்தான் எனக்கு உறைச்சுது. இந்தா, இன்னும் சிரிக்கறா, கேக்குதா?

— கேக்குது, கேக்குது. போற எடமெல்லாம் கக்கூஸ் தரையில விரிச்ச கை, சும்மா இருக்குமா?

— உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன். இந்த மாலோட மேனேஜரைப் பழைய கக்கூஸுக்குள்ள கூட்டிட்டுப் போய், அந்த ஈரத் தரையைக் காட்டி, ‘உங்க பொண்ணை இதுல படுக்க வைப்பீங்களா சார்’னு கேட்டியே. நீ விடாம நடையா நடந்து வாங்கின ரூம். எனக்குப் பெருமையா இருக்கு, போ.

— நான் வாயால கேட்டேன், அவ்வளவுதான். நீங்க தனியாவே செஞ்சு முடிச்சிட்டீங்க. எனக்கும் பெருமைதான்.

— சரி, இவளுக்குக் கடையெல்லாம் சுத்திக் காட்டிட்டு வரோம். உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?

— ஒண்ணும் வேணாம். சாப்பாடு மூடி வச்சிருக்கேன். சாவி பக்கத்து வீட்ல இருக்கு.

— சாவியா? நீ எங்க இருக்க?

— எங்கக்கா ஊருக்குப் போற பஸ்ல. உங்களால முடியலன்னா இறங்கி ஓடி வந்துடலாம்னு, பையை மடியில வச்சுக்கிட்டு போனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். வண்டி கிளம்பிடுச்சுங்க, நாளைக்கு சாயங்காலம் வரேன்.