சிவப்புக் கோடு போட்ட போல்ட்டுகள்

இரவு பத்தே முக்கால். வடிகால் கரைச் சாலை. ஒரு பக்கம் முட்டைகோஸ் வயல், மறு பக்கம் கறுப்புத் தண்ணீர். தடுப்புச் சுவர் கிடையாது, விளக்கு கிடையாது, ஒரு வளைவு கூடக் கிடையாது... மைல் கணக்கில் நேராகப் போகும். அந்தச் சாலையில், மூடுபனிக்குள், ஒரு சின்னப் பச்சை எம்.ஜி. கார் தனியாக வந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் டெரிக் தர்ல்பி. நம்மோடு கோஸ் கத்தி தீட்டுகிற நெவில் இருக்கிறானே, அவனுடைய அக்கா புருஷன்.

நெவில் இன்றைக்கு ஏன் ஷிப்டுக்கு வரவில்லை என்று வந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். சரி. வெளியே பனி இறங்கிவிட்டது, கம்பெனி வேன் இப்போதைக்கு வராது. டீயை எடுத்துக்கொண்டு ஹீட்டர் பக்கம் நெருங்கி உட்காருங்கள், சொல்கிறேன். நடுவில் யாரும் இளிக்கக் கூடாது. முக்கியமாக, கீத், நீ.

டெரிக் கெட்டிக்காரன். அதை நான் மறுக்கவில்லை. பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்குவான். உள்ளே இருக்கிற நாலு சிலிண்டர் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு எட்டு சிலிண்டர் எஞ்சினைத் திணிப்பான். இடம் போதாவிட்டால் சுத்தியலால் அடித்து இடம் பண்ணுவான். அவன் கை பட்ட வண்டி கரைச் சாலையில் போனால் பண்ணை வீட்டு ஜன்னலெல்லாம் அதிரும். ஆனால் வாய் இருக்கிறதே, அந்த வாய்... பழைய வண்டியைப் பழையபடியே வைத்துக் காப்பாற்றுகிற ஆட்களைக் கண்டால் அவனுக்கு ஆகாது. பப்பில் அவர்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால், அவர்கள் காது படவே, "வண்டிய ஓட்டத் தெரியாதவன்தான்டா உக்காந்து தொடச்சிட்டிருப்பான்" என்பான். எனக்கு அவனை ஒருநாளும் பிடித்ததில்லை.

அந்தப் பச்சை வண்டி லென் பாஸ்க் என்கிற பெரியவருடையது. வடிகால் பம்ப் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். வண்டியைப் புதிதாக வாங்கிய நாளிலிருந்து வேறு யாரையும் அதன் மேல் கை வைக்க விட்டதில்லை. எஞ்சினை முழுக்கப் பிரித்து, தானே மறுபடி கட்டியவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு போல்ட்டைச் சரியான அளவுக்கு முறுக்கி முடித்ததும், மனைவியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து, போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரைக்கும் மெல்லிசாக ஒரு கோடு இழுப்பார். கோடு சேர்ந்திருந்தால் போல்ட் அசையவில்லை. கோடு விலகியிருந்தால் அசைந்துவிட்டது. அவ்வளவுதான் கணக்கு. கோடு போட்டுவிட்டால் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம், அதற்குப் பிறகு அதை யாரும் தொடக் கூடாது.

பெரியவர் போன குளிர்காலத்தில் இறந்துபோனார். அவருடைய மனைவி ஹில்டா பாஸ்க் வண்டியை விற்பதற்கு ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எஞ்சின மட்டும் எடுக்கக் கூடாது தம்பி. அது அவர் கையால கட்டுனது. எப்பவாச்சும் நம்ம வீட்டுப் பக்கம் ஓட்டிட்டு வாங்க. அந்தச் சத்தம் காதுல விழுந்தா எனக்குப் போதும்."

"ஐயோ, என்னம்மா நீங்க... அதப் போயி தொடுவனா?"

"பானெட் மேல கைய வச்சுச் சொல்லுங்க."

கையை வைத்துச் சொன்னான், படுபாவி.

அதே வாரம் எஞ்சின், பளு தூக்குகிற செயின் பிளாக்கில் தொங்கியது. கழற்றக் கழற்ற, எங்கே பார்த்தாலும் சிவப்புக் கோடு. டெரிக் விழுந்து விழுந்து சிரித்தான். "எஞ்சினுக்கு மேக்கப் போட்டிருக்கான்டா கிழவன்!"

இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எடுத்த எஞ்சினைத் தூக்கிப் போடமாட்டார்கள். எண்ணெய் ஊற்றி, தார்ப்பாய் சுற்றி, மூலையில் வைப்பார்கள். என்றைக்காவது ஒருவன் அந்த வண்டியைப் பழையபடி பார்க்க ஆசைப்படுவான், அப்போது அதுவும் வேண்டும். டெரிக் கொட்டகை மூலையிலேயே அப்படிச் சில எஞ்சின்கள் தூங்கிக்கொண்டிருந்தன. ஆனால் இதை வைத்துக்கொள்ள அவனுக்குப் பயம். ஹில்டாவின் அண்ணன் மகன் அடுத்த தெருவில் தீவனக் கடையில் இருக்கிறான், கொட்டகைக்கு வந்து போகிறவன். அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் அவ்வளவுதான், ஊரே சிரிக்கும்.

ஒருநாள் இருட்டியதும் எஞ்சினை டிரெய்லரில் ஏற்றி வடிகால் கரைக்குக் கொண்டுபோனான். கை கொடுக்க நெவிலைக் கூப்பிட்டான்.

"மச்சான், வேணாம். மூலைல கெடந்துட்டுப் போவுது, அது என்ன சோறா கேக்குது?"

"தள்ளுறியா, இல்ல நீயும் சேந்து உள்ள போறியா?"

தள்ளினார்கள். பெரிய சத்தம் கூட வரவில்லை என்று நெவில் சொன்னான். 'களுக்'... அவ்வளவுதான். அதற்குப் பிறகு வெகுநேரம் குமிழி வந்துகொண்டே இருந்ததாம். அது நிற்கும்வரை நெவில் கரையிலேயே நின்றிருக்கிறான்.

புது எஞ்சின் உள்ளே போனது. முதல் நாள் ஓட்டமே அமர்க்களம். அடுத்த நாள் காலை பானெட்டைத் திறந்தால் போல்ட்டுகள் விரலால் திருகினாலே சுற்றின. இறுக்கினான். மறுநாள் மறுபடி தளர்ந்திருந்தன. அதற்கு மறுநாள் சில போல்ட்டுகள் இடத்திலேயே இல்லை. வேலை மேசையில் ஒரு தட்டில் இருந்தன. கழற்றிய வரிசைப்படி... ஒவ்வொன்றிலும் அதனதன் வாஷர் கோத்து... துடைத்துச் சுத்தமாக. டெரிக் வேலை செய்தால் எல்லா போல்ட்டும் ஒரே டப்பாவில் அழுக்கோடு கிடக்கும். அவன் வேலை அல்ல அது.

நேராக நெவில் வீட்டுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்தான். "யாருகிட்டடா வெளையாடுற?" டெரிக்கின் மனைவி, அதாவது நெவிலின் அக்கா கிளெண்டா, பின்னாலேயே ஓடி வந்து இரண்டு பேரையும் பிரிக்க வேண்டியிருந்தது. அக்கா தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுபோனது.

கொட்டகைக்குப் பெரிய பூட்டாக ஒன்று போட்டான். போட்டுவிட்டு, தானும் உள்ளேயே இருட்டில் உட்கார்ந்தான், மடியில் கனமான ஸ்பானரை வைத்துக்கொண்டு. எவன் வந்தாலும் மண்டையைப் பிளப்பது என்று முடிவு. கண் சொக்குகிற நேரத்தில் முதலில் வாசனை வந்தது. அளவுக்கு மீறிப் பழுத்த வாழைப்பழம் மாதிரி... மூக்கில் ஏறுகிற தித்திப்பு. நெயில் பாலிஷ். அப்புறம் சத்தம். ராட்செட் ஸ்பானர் திரும்புகிற சத்தம்.

டிக்... டிக்... டிக்... டிக்.

அவசரமில்லாமல். தெரிந்த வேலையை நிதானமாகச் செய்கிற ஒருவருடைய சத்தம். டெரிக் விளக்கைப் போட்டான். யாருமில்லை, பூட்டு பூட்டியபடியே இருந்தது. பானெட் மட்டும் திறந்திருந்தது. தட்டில் புதிதாக ஒரு போல்ட், இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

வேறு எவனாக இருந்தாலும் அன்றைக்கே வண்டியை விட்டுத் தொலைத்திருப்பான். டெரிக்குக்குக் கோபம்தான் வந்தது. செத்தவன் பேரைச் சொல்லி எவனோ தன்னை மிரட்டிப் பார்க்கிறானே என்று. மறுநாள் முழுக்க உட்கார்ந்து எல்லா போல்ட்டையும் இறுக்கினான். இரவு பப்பில் ஊற்றிக்கொண்டு, ஹில்டா பாஸ்க் வீட்டு வாசலில் போய் வண்டியை நிறுத்தி, எஞ்சினை உறும விட்டான்.

ஹில்டா கதவைத் திறந்துகொண்டு வந்தாள். கம்பளி மேலங்கி, வெறுங்கால். வண்டியைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்துச் சத்தத்தை மட்டும் கேட்டாள்.

"இது அவர் எஞ்சின் இல்ல."

"என் வண்டி, என் இஷ்டம். இந்தாம்மா, யார அனுப்பி என் கொட்டகைல கை வக்கிற? உன் அண்ணன் மவனா?"

"அவர் எஞ்சின் எங்க?"

"தண்ணியில கெடக்கு. போயி எடுத்துக்க."

அவள் அழவில்லை. உள்ளே போகத் திரும்பிக் கதவைப் பிடித்தாள்.

"அந்த நெயில் பாலிஷ் குப்பிய அவர் சட்டைப் பையில வச்சுத்தான் பொதச்சேன்" என்றாள். "வேலைய பாதில விட்டுட்டுப் போற ஆளு இல்ல அவரு. நீ போ. போயி வாங்கிக் கட்டிக்க."

கதவைச் சாத்திவிட்டாள்.

அப்போதுதான் மணி பத்தே முக்கால். அந்தக் கரைச் சாலை. பனி முகப்பு விளக்கையே தின்றுவிட்டது. டெரிக் அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். பாதி வழியில்... எஞ்சின் சத்தம் மெலிந்தது. ஒரு சிலிண்டர் விட்டுப்போன மாதிரி. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. மிதித்தான், வேகம் ஏறவில்லை. மிதியிலிருந்து காலை எடுத்தான், இறங்கவும் இல்லை. ஒரு பெரியவர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மனைவியை உட்கார வைத்து ஓட்டுவாரே, அந்த வேகத்தில் வண்டி தானாகப் போய்க்கொண்டிருந்தது. எட்டு சிலிண்டரின் உறுமல் போய்விட்டது. நாலு சிலிண்டர் சத்தம், வால்வு டாப்பெட்டுகள் தட்டுகிற சத்தத்தோடு.

பழைய எஞ்சின்.

அதே வாசனை. அடைத்த வண்டிக்குள், மூச்சு முட்டுகிற அளவுக்கு. பிரேக்கை மிதித்தான். மிதி தரை வரைக்கும் இறங்கியது, ஒன்றும் நடக்கவில்லை. ஸ்டியரிங் அவன் கைக்குள்ளேயே மெதுவாகத் திரும்பியது. பிடுங்கவில்லை, இழுக்கவில்லை... கொட்டகைக்குள் வண்டியை விடுகிற மாதிரி பக்குவமாகத் திரும்பியது. எந்த இடம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிரெய்லரை நிறுத்திய இடம்.

"வேணாம்..." என்றான் டெரிக். "எடுத்துக் குடுத்துர்றேன். சத்தியமா எடுத்துக் குடுத்துர்றேன்."

ஏற்கெனவே ஒரு தடவை சத்தியம் பண்ணியவன்தானே. களுக்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. சீட் பெல்ட்டின் பொத்தானை அழுத்தினான், விடவில்லை. இருட்டில், தண்ணீருக்கு அடியில், பானெட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டிக்... டிக்... டிக். இரும்பை இரும்பு மேல் நகர்த்துகிற சத்தம். மறுபடி டிக்... டிக். தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. பானெட்டுக்குள் சத்தம் நின்றது. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தான்.

அப்புறம் அவன் இடுப்புக்குப் பக்கத்தில், பெல்ட்டைத் தரையோடு பிடித்திருக்கிற போல்ட்டில்... டிக்.

பெல்ட் இறுகியது.

டிக். இன்னும் கொஞ்சம் இறுகியது.

எஞ்சின் பேக்கிங் அட்டை வெட்டுகிற சின்னக் கத்தி எப்போதும் அவன் பையில் இருக்கும். எப்படி எடுத்தான், எப்படி அறுத்தான் என்று அவனுக்கே நினைவில்லை. பெல்ட்டை அறுத்து, துணிக் கூரையைக் கிழித்து, புல்லைப் பிடித்துக் கரை ஏறினான். விடியற்காலையில் பால் வண்டிக்காரர் பார்க்கும்வரை அங்கேயே நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

மறுநாள் டிராக்டர் வைத்து வண்டியை இழுத்தார்கள். நெவில்தான் தண்ணீரில் இறங்கிச் சங்கிலி மாட்டினான். கரையில் ஏற்றி, சேறு வடிந்ததும், பானெட்டைத் திறந்தான். உள்ளே நாலு சிலிண்டர் பழைய எஞ்சின். தன் இடத்தில், கச்சிதமாக. ஒவ்வொரு போல்ட்டிலும் சிவப்புக் கோடு, ஒன்று கூட விலகாமல். டெரிக் சுத்தியலால் அடித்து நசுக்கிய தகடு கூட நேராகியிருந்தது. எட்டு சிலிண்டர் எஞ்சினைக் கம்பு விட்டும், கொக்கி போட்டும் தேடிப் பார்த்தார்கள். இன்று வரை கிடைக்கவில்லை.

அறுந்த பெல்ட் சீட்டோரம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருந்த போல்ட்டை நெவில் குனிந்து பார்த்தான். அதன் மேல் கோடு இல்லை. அந்த ஒன்றில் மட்டும் இல்லை. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்தான் சொன்னான்.

வண்டியை ஹில்டா வாசலிலேயே கொண்டுபோய் விட்டார்கள். டெரிக் கொட்டகையைப் பூட்டினான். ஸ்பானரை எல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். எந்த வண்டியிலும் ஏறுவதில்லை, பஸ்ஸில் கூட. எங்கே போனாலும் நடைதான். வண்டி என்று ஒன்றில் உட்கார்ந்தால்தானே பயம் என்று கிளெண்டாவும் நிம்மதியாக இருந்தாள்.

இன்று காலை அவள் நெவிலுக்குப் போன் பண்ணினாள். சண்டைக்குப் பிறகு முதல் தடவையாக. டெரிக் படுக்கையை விட்டு எழவில்லையாம். காய்ச்சல் இல்லை, வலி இல்லை. எழ முடியவில்லை என்கிறானாம். இடுப்பை ஏதோ இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறானாம்.

நெவில் ஓடினான். அறைக்குள் நுழைந்ததுமே அந்த வாழைப்பழ வாசனை. மண்டி போட்டு, டார்ச் அடித்துக் கட்டிலுக்கு அடியில் பார்த்தான். இரும்புக் கட்டில். கிளெண்டா படுக்கிற பக்கத்து போல்ட்டுகளில் வெறும் துருதான்.

டெரிக் பக்கத்து போல்ட்டுகள் எல்லாவற்றிலும் சிவப்புக் கோடு இருந்தது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தான்... விரலில் ஒட்டியது.