யாரும் தொட்டுப் பார்க்காத கூலர்

இப்போதெல்லாம் யாரும் எதையும் தொட்டுப் பார்ப்பதில்லை, சார். கண்ணால் பார்க்கிறார்கள், நன்றாக இருக்கிறது என்கிறார்கள், முடிந்தது. நாற்பது வருஷம் பட்டறையில் கிடந்தவன் நான். சூடோ கசிவோ, எனக்கு விரல்தான் சொல்லும். இன்சூரன்ஸ்காரர் நீங்களே முதலில் போட்டோதான் எடுத்தீர்கள். கூலர் குழாயின் முனையைத் தொட்டது அப்புறம்தான். பரவாயில்லை, நீங்களாவது தொட்டீர்கள்.

என் மாப்பிள்ளை தேனீ வளர்க்கிறவர். தங்கமான மனுஷன், போனில் வருவதையெல்லாம் நம்புவார் என்பதுதான் குறை. பூக்கிற பருவத்தில் அறுபது தேன் பெட்டியை டிரெய்லரில் ஏற்றி மலைமேல் இழுத்துப் போக வேண்டும். வண்டியோ தானாகக் கியர் மாற்றுகிற ரகம்.

"மாமா, ஏத்தத்துல கியர்பாக்ஸ் ஆயில் கொதிச்சுடுமாம். கூடுதலா இந்தக் கூலரை மாட்டிக் குடுங்க."

"வண்டி செஞ்சவனுக்குத் தெரியாதது உங்க போனுக்குத் தெரிஞ்சுடுச்சா?"

"மாட்டுங்க மாமா. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம்."

மாட்டினேன். ரேடியேட்டருக்கு முன்னால் கச்சிதமாக உட்கார வைத்து, இரண்டு ரப்பர் குழாயையும் பம்பருக்குப் பின்னால் அழகாக வளைத்து விட்டேன். ஆயில் லைனோடு மட்டும் சேர்க்கவில்லை. குழாய்க்கு ஒரு போல்ட்டாக வாயில் திணித்துக் கிளிப் போட்டேன். ஒரு பருவம் ஓடட்டும், எல்லோரும் சாப்பிட உட்காரும்போது பம்பரைக் கழற்றி, கூலர் சும்மாதான் உட்கார்ந்திருந்தது என்று காட்டலாம் என்று இருந்தேன். யாரையும் கெடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது.

முதல் தடவை போய் வந்ததும், "வெண்ணெய் மாதிரி போகுது மாமா" என்றார். "அப்பா கை பட்டா சும்மாவா?" என்றாள் மகள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"கூலர்தான் இருக்கே" என்று அறுபது பெட்டியைத் தொண்ணூறாக்கினார். நான் என்ன சொல்வது?

அன்றைக்கு முன் சீட்டில் நானும் இருந்தேன். பெட்டி வாசல்களை அடைத்தாயிற்று. வண்டி ஓடினால் தேனீக்குக் காற்று, வெயிலில் நின்றால் அடுப்பு என்று கிளம்பும்போதே மாப்பிள்ளை சொன்னார்.

ஏழாவது வளைவில், நட்ட நடு வெயிலில், கியர் பிடிக்காமல் வண்டி நின்றது. வாசலைத் திறந்தால் ரோட்டில் போகிறவர்களைக் கொட்டும். குடிக்கிற தண்ணீரைப் பெட்டிகள்மேல் தெளித்தார். வேறு வண்டி வர நாலு மணி நேரம். அதற்குள் மெழுகு உருகித் தேன் ரோட்டில் ஒழுகிவிட்டது. தொண்ணூறு பெட்டியிலும் காதை வைத்துப் பார்த்தார். ஒன்றிலும் சத்தமில்லை. எட்டு வருஷமாக அவரும் என் மகளும் பெருக்கியவை.

"நீங்க என்ன மாமா பண்ணுவீங்க? நான்தான் அதிகமா ஏத்திட்டேன்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். சரியாகத்தானே சொன்னார்?

முன்கூட்டியே தெரியுமா என்று கேட்டீர்கள். மூன்றாவது வளைவிலேயே தெரியும். கருகுகிற ஆயில் வாடை தூக்கத்தில்கூட எனக்குப் பிடிபடும். அங்கே மர நிழலும் இருந்தது, ஒதுங்க இடமும் இருந்தது.

"ஏதோ வாடை வருதே மாமா?"

"முன்னால போற லாரி" என்றேன்.

நிறுத்தச் சொன்னால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடுமே, சார்.

எழுதியாயிற்றா? கையெழுத்து வராது, கைநாட்டு வைக்கிறேன். கொண்டு விட வேண்டாம், நடந்தே போய்க்கொள்கிறேன். உங்கள் வண்டியில் அந்த மாதிரிக் கூலர் எதையும் மாட்டித் தொலைக்காதீர்கள். வீண்.