பட்டாணி தின்ற பிறகு

அன்புள்ள சகாயராணி டீச்சருக்கு,

எங்கள் கினிப்பன்றி பட்டாணி உங்கள் வீட்டுக்கு வந்து பன்னிரண்டு நாளாகியும் காய்கறியைத் தொடவில்லை, புல்லை மட்டும் கடித்துக்கொண்டு மூலையில் கிடக்கிறது என்று போனில் சொன்னீர்கள். எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஓடைப்பட்டியிலிருந்து கூடலூர் ஒன்றும் தூரமில்லை, நேரிலேயே வந்து சொல்லியிருக்கலாம். ஆனால் இது கொஞ்சம் நீளமான விஷயம். எனக்கும் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காயைக் கழுவிய ஈரத்தோடு போடாதீர்கள், துணியால் துடைத்துப் போடுங்கள். கேரட்டை வட்டமாக நறுக்கினால் திரும்பியும் பார்க்காது. விரல் நீளத்துக்குக் கீறிப் போட வேண்டும். ஒரு காய் பழகிய பிறகுதான் அடுத்த காய். புதுக் காயைப் பழகிய காயோடு சேர்த்துத் தேய்த்து, அந்த வாசத்தோடு கொடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் எடுத்துவிடுங்கள், கெஞ்ச வேண்டாம். பால்வாடியில் பிள்ளைகளுக்குக் கீரைச் சாதம் ஊட்டிப் பழக்குகிற அதே வேலைதான். இருபது வருஷமாக அதைச் செய்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இத்தனைக்குப் பிறகும் தின்னவில்லை என்றால், பக்கத்தில் ஆள் இல்லாததுதான் காரணம். கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். அதற்கு ஒரு துண்டைப் போட்டுவிட்டு, அதே காயின் மிச்சத்தை நீங்கள் கடித்துத் தின்னுங்கள். கடிக்கிற சத்தம் அதற்குக் கேட்க வேண்டும். அது அப்படித்தான் பழகியிருக்கிறது. யாரோடு பழகியது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தாள் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் சுருளியாண்டியை நீங்கள் பார்த்ததில்லை. மூன்று ஏக்கர் திராட்சைப் பந்தல் வைத்திருந்தார். நல்ல விவசாயி, அதைக் குறை சொல்ல முடியாது. கொடி துளிர்த்த நாளிலிருந்து பழம் பறிக்கிற வாரம் வரை பூச்சிமருந்து அடிப்பார். விற்கிற பழத்தில் ஒன்றை அவர் வாயில் போட்டு நான் பார்த்ததில்லை. வீட்டுக்கென்று வாய்க்கால் ஓரத்தில் மருந்து அடிக்காத ஒரு வரிசை உண்டு, அதில்தான் பறித்துத் தருவார். எந்தப் பழத்தையும் மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவார். உலகத்தில் எல்லோரும் தன்னைப் போலத்தான் மருந்து அடிக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும்.

இரண்டாயிரத்து நாலில் அவருக்குக் கால் வீங்கியது. மதுரை ஆஸ்பத்திரியில் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். புதன், சனி இரண்டு நாளும் டயாலிசிஸ். என்னவெல்லாம் சாப்பிடலாம், எதெல்லாம் கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்தேன். டாக்டர் நல்ல மனிதர், எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார்.

"நீங்க கொடிக்குப் பொட்டாஷ் உரம் போடுறீங்கள்ல? அதே சத்துதான் காய்லயும் கீரையிலயும் இருக்கு. நல்ல கிட்னி மிச்சத்த வெளிய தள்ளிரும். உங்க கிட்னி தள்ளாது. ஒடம்புல சேந்துச்சுன்னா நெஞ்சு நின்னுரும். பச்சையா எதையும் தொடாதீங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் சிரித்தார். "பச்சக்காயத் தின்னு எவனாச்சும் செத்திருக்கானா? மருந்தடிச்சதத் தின்னுதான் சாவான்."

அன்றிலிருந்து என் வேலை இதுதான். காயைப் பொடியாக நறுக்கி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நிறையத் தண்ணீர் வைத்து வேகவைத்து, அதையும் வடித்துக் கொட்ட வேண்டும். கடைசியில் சட்டியில் கிடப்பதற்கு நிறமும் இருக்காது, ருசியும் இருக்காது. உப்பும் போடக் கூடாது. அதைச் செய்து வைத்துவிட்டு, நான் வேலை பார்க்கிற பால்வாடிக்குப் போய் நாற்பது பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தால், தட்டு அப்படியே இருக்கும். பல நாள் வீசியடித்த தட்டு சுவரோரமாகக் கிடக்கும்.

கிட்னி கெட்டால் வாயில் எந்நேரமும் இரும்பைச் சப்பிய மாதிரி ஒரு கசப்பு இருக்குமாம். டாக்டர் பிறகு சொன்னார். அவருக்கு அது பூச்சிமருந்தின் ருசியாகத் தெரிந்தது.

"என்னத்தடி கலந்த?" என்பார். "மருந்து ரூம்பு சாவி ஒங்கிட்டதான இருக்கு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

நான் ஒரு வாய் தின்று காட்டினாலும் நம்ப மாட்டார். நான் துப்பிவிடுவேனாம்.

பட்டாணி அந்தச் சமயத்தில்தான் வந்தது. காலேஜ் முடித்த என் மகள் விஜி, தோழிகளோடு குமுளிக்குப் போனபோது வாங்கி ஜீப்பில் மடியில் வைத்துக் கொண்டுவந்தாள். கினிப்பன்றி என்றாள். "பேரு பன்னி, பாக்க எலி, தின்னத் தெரியாத சென்மம்" என்று அவர் கேலி செய்தார். உண்மைதான், அது வந்த நாளிலிருந்து கம்புத் தானியத்தையும் புல்லையும் தவிர எதையும் தொடவில்லை.

ஒருநாள் மத்தியானம் அவர் தன் தட்டிலிருந்த சாதத்தையும் வடித்த சுரைக்காயையும் எடுத்துப் பட்டாணியின் கூண்டில் வைத்தார். அது மோந்து பார்த்துவிட்டு மூலைக்குப் போய்விட்டது.

"பாத்தியா விஜி? வாயில்லாத சீவனுக்குக்கூடத் தெரியுது."

அன்றிலிருந்து பட்டாணி தின்னாத எதையும் அவர் தின்னவில்லை. இரண்டு நாள் வெறும் பிஸ்கட்டோடு கிடந்தார். விஜி அழுதாள். நான் பட்டாணியை ஒரு பையில் வைத்துக்கொண்டு சின்னமனூர் மாட்டு டாக்டரிடம் போனேன். அவர் சிரித்துவிட்டு, "இதுக்கு வேக வச்சது ஆகாதும்மா. பச்சக்காய்தான் குடுக்கணும். குடுக்கலைன்னா ஈறுல ரத்தம் வந்து செத்துப்போகும்" என்றார். ஒரே வீட்டில் பச்சைக் காய் ஒருவரைக் கொல்லும், ஒன்றைக் காப்பாற்றும். திரும்பும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். அப்போது என் மனதில் கெட்டது எதுவும் இல்லை. அது சாகக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

மேலே எழுதியிருக்கிற முறைப்படி வெள்ளரிக்காயைப் பழக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. பத்தொன்பதாவது நாள் ஒரு துண்டை முன்னங்காலால் பிடித்துக்கொண்டு நறுக்கு நறுக்கென்று கடித்தது. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அது தின்று முடிக்கும்வரை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மிச்சத்தை வாங்கி ஒரு கடி கடித்தார். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் ருசியைப் பார்த்தேன்.

"மருந்து வாசமே இல்லையே" என்றார்.

நான் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். அந்த முதல் தடவை பிடுங்கினேன் என்பதை எழுதிவிட வேண்டும். அவர் என்னை அடித்தார், அதுவும் முதல் தடவை இல்லை.

அந்த ஆடி மாதம் டாக்டர் கிட்னி மாற்றிவிடலாம் என்றார். எனக்கும், விஜிக்கும், அவர் தம்பிக்கும் ரத்தம் எடுத்தார்கள். தம்பிக்குச் சர்க்கரை இருந்தது. எனக்குச் சேரவில்லை என்று வீட்டில் சொன்னேன். விஜிக்குச் சேர்ந்தது. பாவம், அந்தப் பிள்ளைக்கு இருபத்தொரு வயது, நிச்சயம் முடிந்திருந்தது. அவள் தலையை ஆட்டினாள். தை பிறந்ததும் ஆபரேஷன் என்று முடிவானது.

"எம்புள்ள எனக்குக் குடுக்குறா. வயசுப்புள்ள ரத்தம், நல்லா வேல செய்யும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொன்னார். அவள் கல்யாணம் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஒத்தக் கிட்னியோட ஒருத்தி புள்ள பெத்துக்க மாட்டாளா?" என்றார். விஜி அதைக் கேட்டுக்கொண்டே கூண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு நான் எதையும் பிடுங்கவில்லை.

அடுப்படிச் சுவரில் இருந்த தாளைச் சொன்னேன் அல்லவா. வலது பக்கம் 'கூடாது' என்று போட்டு ஒன்பது பெயர்கள் இருந்தன. கீழே குறைந்த கெடுதல், மேலே அதிகக் கெடுதல். பட்டாணிக்கு நான் கீழிருந்து மேலே பழக்கினேன். பீட்ரூட், கொத்தமல்லி, தக்காளி, பாலக் கீரை. ஒவ்வொன்றுக்கும் பத்து நாள், பதினைந்து நாள் ஆகும். எனக்கு அவசரமில்லை. சின்னமனூர் சந்தைக்கு நானே போய், மருந்து அடிக்காததாகப் பார்த்து வாங்குவேன். அதில் நான் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. பட்டியலில் முதல் பெயர் இளநீர், அதைப் பட்டாணிக்குப் பழக்க முடியவில்லை.

பட்டாணி தின்னும். அவர் பார்ப்பார். பிறகு அவர் தின்பார். பாலக் இலையை வெற்றிலை மாதிரி மடித்து வாயில் போட்டுக்கொள்வார். அவர் கடிக்கிற சத்தம் கேட்டால் பட்டாணி விசில் அடித்து இன்னும் கேட்கும். "ஏ பட்டாணி, நீ தின்னாத்தான் நானு" என்று கொஞ்சுவார். தட்டு பறப்பது நின்றது. என்னைப் பார்த்து, "ஒன்னயப் போயி சந்தேகப்பட்டேனே பவுனு" என்றுகூடச் சொன்னார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் வீடு அமைதியாக இருந்தது அந்த மூன்று மாதம்தான்.

அவர் மூக்கு பூச்சிமருந்தைத்தான் தேடியது. உரத்தை யாரும் மோந்து பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் திட்டினார். "வீட்டுல என்னம்மா குடுக்குறீங்க? பொட்டாசியம் ஏறிக்கிட்டே போகுது."

"நீங்க சொன்னபடி வேக வச்சு வடிச்சுத்தான் சார் குடுக்குறேன்" என்றேன். இவரும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார். உண்மையைச் சொன்னால் நிறுத்திவிடுவார்கள் என்ற பயம் அவருக்கு. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

சனிக்கு அடுத்து புதன்வரை இடைவெளி அதிகம். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் தட்டில் கொஞ்சம் கூடுதலாக வைப்பேன்.

கார்த்திகை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது. கால் எழும்பவில்லை, கனமாக இருக்கிறது என்றார். தக்காளி தின்றுகொண்டிருந்தார். அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டார். ஆதித்தன் டாக்ஸி ஸ்டாண்டு இரண்டு தெரு தள்ளித்தான், ஓடிப்போய்க் கூப்பிட்டிருக்கலாம். நான் தட்டைக் கழுவினேன். அடுப்படித் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். பிறகுதான் விஜியைக் கூப்பிட்டேன். பட்டாணி அத்தனை நேரமும் விசில் அடித்துக்கொண்டே இருந்தது.

"அப்பா சாப்பிட்டாகளாம்மா?" என்றுதான் விஜி முதலில் கேட்டாள்.

"சாப்பிட்டாக" என்றேன்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. கிட்னிக்காரர் இறந்தால் யார் என்ன கேட்பார்கள். தையில் ஆபரேஷன் நடக்கவில்லை, வைகாசியில் கல்யாணம் நடந்தது. விஜிக்கு இப்போது ஏழு மாதம். போன வாரம் இடுப்பு வலிக்கிறது என்றாள், எண்ணெய் தேய்த்துவிட்டேன். அந்த இடுப்பில் ஒரு கீறல் இல்லை. அதைத் தடவும்போதெல்லாம், இதற்காகத்தான் செய்தோம் என்று சொல்லிக்கொள்கிறேன். பெற்றவள் வேறென்ன செய்வாள் என்று நீங்களும் நினைப்பீர்கள். இந்தக் கடிதத்தை யாரிடம் காட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

அவர் போன பிறகு பட்டாணி காயைத் தொடவில்லை, இப்போது உங்களிடம் செய்கிற மாதிரியே. நான்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தக்காளியும் பாலக்கும் கடித்துக் காட்டி மறுபடி தின்ன வைத்தேன். ஒரு வருஷம் தினமும் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கிட்னி இரண்டும் நன்றாக இருக்கின்றன.

அது எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஆடி மாதம் ரத்த ரிப்போர்ட் வந்த அன்று அவர் டயாலிசிஸில் இருந்தார், விஜி டீ வாங்கப் போயிருந்தாள். டாக்டர் என்னை மட்டும் உட்காரவைத்து, "உங்க மகளுக்கும் சேருது, உங்களுக்கும் சேருது. சின்னப்புள்ளைய எதுக்கும்மா கஷ்டப்படுத்தணும், நீங்களே குடுத்துரலாம். வீட்டுல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார். சரி என்றேன். விஜியின் தாளைப் பத்திரமாகப் பையில் வைத்தேன். என் தாளை வீட்டுக்கு வந்ததும் பட்டாணியின் கூண்டுக்கு அடியில் விரித்துவிட்டேன். அடுத்த வாரம் டாக்டரிடம், மகளே தருவதாக வீட்டில் முடிவாகிவிட்டது என்றேன்.

அன்றைக்கு எனக்கு ரொம்ப அசதியாக இருந்தது, டீச்சர்.

இப்படிக்கு,
பவுனு