யாரும் குத்தம் சொல்லாத சாப்பாடு

முட்டிவலியா? எனக்கா? அப்படியா சொல்லி அனுப்புனா என் வீட்டுக்காரி? நேத்துகூட அரிசி மூட்டைய மூணாவது மாடிக்கு நான்தாங்க தூக்கிட்டு வந்தேன். இதுல ஏதோ இருக்கு. சமையலுக்கு ஆள் வேணும்னு நான் யார்கிட்டயும் கேக்கல. அவ ஆஸ்பத்திரியில நர்சு, நான் வீட்லயே மெஷின் போட்டுத் தைக்கிறவன். கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த அடுப்பு என் கையிலதான்.

சரி, வந்துட்டீங்க. ஹாஸ்டல்ல இருபது வருஷம் சமைச்சேன்னு வேற சொல்றீங்க. எங்க, இந்த எண்ணெ காஞ்சிருச்சா, சொல்லுங்க பாப்போம். அட, அதுக்கு ஏம்மா கைய மேல காட்டுறீங்க? மரக்கரண்டிக் காம்ப உள்ள விடுங்க. சுத்திப் பொடிப்பொடியா குமிழி வந்தா காஞ்சிருச்சு. இப்ப வெங்காயத்தப் போட்டுட்டு காதக் குடுத்துக் கேளுங்க. சடசடன்னு கத்துதுல்ல? தண்ணி இருக்கற வரைக்கும் கத்தும். சத்தம் அடங்குனா வதங்கிருச்சு, அப்புறம்தான் தக்காளி. உருளக்கெழங்கா? கத்தியக் குத்தித் தூக்குங்க. தானா வழுக்கி விழுந்தா வெந்துருச்சு. உப்பு இந்தச் சின்ன மூடியில தலதட்டி ரெண்டு. ருசி பாக்கறேன்னு கரண்டிய நக்குறதெல்லாம் இங்க வேணாம்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கு இப்ப எல்லார் மேலயும் சந்தேகம்தான். என் மக இருக்காளே, பேச ஆரம்பிச்ச நாள்லேருந்து தட்டுல நொட்டம் சொல்றவ. அவங்கம்மா அதுக்கு மேல. உப்பு தூக்கல், காரம் பத்தல, கொழஞ்சு போச்சு... ஒரு நாள் விட்டதில்ல. இப்ப மூணு மாசமா? நல்லாருக்குப்பா. நல்லாருக்குங்க. ரெண்டு பேரும் சொல்லி வச்ச மாதிரி! சொல்லிட்டு மடக்கு மடக்குன்னு தண்ணி குடிக்கிறாங்க. போன வாரம் என் மக மீன பூனைக்குப் போட்டா, என் கண்ணால பாத்தேன். அந்தப் பூனையே மோந்துட்டுப் போயிருச்சு. கேட்டா கை தவறி விழுந்துருச்சாம். யார்கிட்ட கத விடறா?

என்ன? எங்க கருகுது?

அய்யய்யோ, பின்னடுப்புல பருப்பு! அணைங்க, அணைங்க. அடியச் சொரண்டாதீங்க, மேலாப்புல வேற பாத்திரத்துக்கு மாத்துங்க. எவ்வளவு நேரமா வாட அடிக்குது? வெங்காயம் போட்டப்பலேருந்தேவா? அப்பவே சொல்ல வேண்டியதுதானே? ஓ... எனக்கே தெரியுதான்னு பாத்தீங்களாக்கும்.

தெரியலம்மா. மூணு மாசம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதுக்கப்புறம் வாசனையும் இல்ல, ருசியும் இல்ல. எத வாயில போட்டாலும் துணியச் சவைக்கற மாதிரிதான். ருசி திரும்ப வந்துரும்ங்கறாரு டாக்டர், எப்பன்னு அவருக்கே தெரியல. வீட்ல சொல்லல. சொன்னா அடுப்புப் பக்கமே விடமாட்டாளோன்னு பயம். நீங்களும் அவகிட்ட மூச்சு விட்றாதீங்க, என்ன?

ஏன் தலைய ஆட்டறீங்க?

அவளுக்குத் தெரியுமா? காய்ச்சல் விட்ட வாரத்துலேருந்தேவா? தெரிஞ்சுக்கிட்டேதான் அம்மாவும் மகளும் இத்தன நாளா அதத் தின்னாங்களா?

பைத்தியங்க. ரெண்டும் பைத்தியங்க.

இல்ல இல்ல, கண்ணுல ஒண்ணுமில்ல, வெங்காயம். அவ ஏழு மணிக்கு வந்துருவா. இந்தாங்க கரண்டி, அந்தப் பருப்புல ஒரு வாய் பாருங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க, நான் உப்புப் போடறேன்.